முகம் காட்டாமல் லைவ் வர: மலையிலிருந்து தொடங்கும் வீடியூபர்களுக்கு மென்பொருள் கேள்வி பதில்

நான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கிறேன். கார்ட்டூன் உருவத்தை வைத்துக்கொண்டு தமிழில் லைவ் வர ஆரம்பித்து நான்காவது வருடம் ஓடுகிறது. குன்னூர், மஞ்சூர், கூடலூர், அந்தப் பக்கம் கொடைக்கானல், பூம்பாறை வரைக்கும் தம்பி தங்கைகள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இதைப் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை வெளிச்சமான அறை, நிற்காத கரண்ட், அறுந்துபோகாத லைன் மூன்றும் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நமக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கிற நாள் குறைவு. ஆகவே எந்த மென்பொருள் அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், எது நம் வீட்டு நிலைமையைத் தாங்கும் என்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா, வீடியூபர் என்றால் சரியாக என்ன?

நீங்கள் பேசுகிறீர்கள், சிரிக்கிறீர்கள், தலையை ஆட்டுகிறீர்கள். திரையில் உங்களுக்குப் பதில் ஒரு வரைந்த உருவம் அதையெல்லாம் செய்கிறது. அவ்வளவுதான். 2016 கடைசியில் ஜப்பானில் கிஸுனா ஐ என்ற உருவம் யூடியூபில் வந்த பிறகுதான் இந்தப் பெயரே பரவியது. குரலும் பேச்சும் உங்களுடையதுதான், அதை மட்டும் எந்த மென்பொருளும் செய்து தராது.

மொத்தம் எத்தனை மென்பொருள் போட வேண்டும்?

மூன்று வேலை இருக்கிறது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி போய்விடும். உருவத்தைச் செய்வது ஒன்று, உங்கள் முகத்தைப் பார்த்து அந்த உருவத்தை அசைப்பது இரண்டு, அசைகிற உருவத்தை கேம், சாட், பின்னணியோடு சேர்த்து யூடியூபுக்கு அனுப்புவது மூன்று. மூன்றாவது வேலைக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், அதில் நான் வேறு யோசனையே சொல்வதில்லை. முதல் இரண்டு வேலைக்குத்தான் தேர்வு தேவைப்படுகிறது, அதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் ஸ்கூலில் கொடுத்த பழைய அரசு லேப்டாப்தான் இருக்கிறது. முடியுமா?

முடியும். ஆனால் முகத்தைப் பின்தொடரும் மென்பொருள் எதையும் அதில் போட்டுப் பார்த்து மனம் உடைய வேண்டாம். ராம் 4 ஜிபி அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் பிஎன்ஜி டியூபராகத் தொடங்குங்கள். வாய் மூடியது, வாய் திறந்தது, கண் மூடியது என்று சில படங்கள் மட்டும் வரைந்துகொள்வீர்கள், மைக்கில் சத்தம் வரும்போது மென்பொருள் படத்தை மாற்றிக் காட்டும். வியாடோட்யூப் மினி என்று ஒன்று இருக்கிறது, இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம், லினக்ஸிலும் ஓடுகிறது. பின்னணியைப் பச்சையாக வைத்துவிட்டு ஓபிஎஸ்ஸில் குரோமா கீ போட்டால் பச்சை மறைந்துவிடும்.

இதில் கேமராவே வேண்டாம். அதாவது வெளிச்சம் வேண்டாம், முகத்தைக் கணக்கிடும் பாரம் ப்ராசஸருக்கு இல்லை, படமும் அதிகம் அசையாததால் குறைந்த இணைய வேகத்திலேயே தெளிவாகத் தெரியும். இதைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நான் முதல் ஏழு மாதம் நோட்டில் பேனாவால் வரைந்து ஃபோனில் படம் பிடித்த நான்கு படங்களோடுதான் வந்தேன். இன்றும் கரண்ட் ஆடுகிற நாளில் அதே நான்கு படங்களைத்தான் எடுக்கிறேன், பார்க்க வருகிறவர்கள் அந்த உருவத்தை இன்னும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

2டி நல்லதா, 3டி நல்லதா?

பெரும்பாலானவர்கள் மனதில் வைத்திருப்பது 2டி. பெரிய ஜப்பானிய வீடியூபர்கள் தினசரி லைவில் காட்டுவது அதுதான், கண்ணுக்கு மிக அழகு. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் இரண்டு பேருடைய உழைப்பு இருக்கிறது. ஒருவர் முடி, புருவம், கண் இமை, உதடு, கழுத்து, கை என ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி அடுக்காக வரைய வேண்டும், மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்து. இன்னொருவர் அந்த அடுக்குகளை லைவ்2டி கியூபிசம் என்ற மென்பொருளில் போட்டு, தலை திரும்பினால் எது எவ்வளவு நகர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். இதை ரிக் செய்வது என்கிறார்கள். வரைந்தவரை அம்மா என்றும் ரிக் செய்தவரை அப்பா என்றும் வீடியூபர்கள் அழைப்பது சும்மா இல்லை.

3டி-யில் வீராய்ட் ஸ்டுடியோ இருக்கிறது. பிக்ஸிவ் என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது, இலவசம், 2021 அக்டோபர் 31 அன்று முழுப் பதிப்பு வந்தது. கேமில் ஆளைத் தேர்ந்தெடுப்பதுபோல முகம், முடி, உடை என்று நகர்த்தி நகர்த்தி ஒரு சாயங்காலத்தில் உருவம் தயாராகிவிடும். வரையத் தெரியாதவருக்கும் கையில் காசில்லாதவருக்கும் இதைவிட நல்ல வழி இப்போதைக்கு எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே என் வரிசை இது: லேப்டாப் பழையதென்றால் பிஎன்ஜி, ஓரளவு நல்லதென்றால் வீராய்டில் செய்த 3டி. 2டி-யை ஆறு மாதம் கழித்து யோசியுங்கள். அதற்குள் உங்களுக்கு லைவ் வருவது பிடிக்கிறதா என்றே தெரிந்திருக்கும்.

நன்றாக வரைகிறவராக இருந்து நீங்களே ரிக் செய்யவும் ஆசைப்பட்டால், கியூபிசத்தில் இலவசப் பதிப்பு உண்டு, பாகங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருக்கும். முழுப் பதிப்பை 42 நாள் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் படத்தை முழுதாக அடுக்கு பிரித்து முடித்த பிறகு அந்த 42 நாளைத் தொடங்குங்கள், வரைவதிலேயே நாள் போய்விடும். முழுக்க இலவசமும் திறந்த மூலமும் வேண்டுமென்றால் இனோச்சி கிரியேட்டர் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் அதற்குக் குறைவு.

உருவத்தை அசைக்க எது? வீசீஃபேஸா, வீடியூப் ஸ்டுடியோவா, வருடோவா?

முதலில் ஒரு விஷயம். உங்கள் உருவம் 2டி-யா 3டி-யா என்பதுதான் இதை முடிவு செய்கிறது. வீடியூப் ஸ்டுடியோ லைவ்2டி உருவங்களுக்கானது, 3டி கோப்பு அதில் திறக்காது. வீசீஃபேஸ், வருடோ, வீநியான் மூன்றும் 3டி-க்கானவை, 2டி உருவத்தை அங்கே போட முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிள்ளைகள் எனக்குத் தெரியும்.

3டி என்றால் வீசீஃபேஸில் தொடங்குங்கள். இலவசம், விளம்பரம் இல்லை, சாதாரண வெப்கேமே போதும், முகம் பிடிக்கும் தரத்தை மேலே கீழே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் லேப்டாப் திணறினால் ஒரு படி இறக்கிவிடலாம். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இதில் எல்லோரும் மாட்டுகிற இடம் ஒன்று: வீராய்டில் உருவத்தை வெளியே எடுக்கும்போது வீஆர்எம் (3டி உருவத்துக்கான கோப்பு வகை) 0.0, வீஆர்எம் 1.0 என்று இரண்டு வகை கேட்கும். வீசீஃபேஸுக்கு 0.0 தான் வேண்டும். புதியதுதானே நல்லது என்று 1.0 எடுத்தால் திறக்காது. அதே இடத்தில் பாலிகன்களை, அதாவது உருவத்தைக் கட்டும் சின்னச் சின்னத் தட்டுகளை, குறைக்கவும் மெட்டீரியல்களை (மேற்பரப்பு நிற அமைப்புகளை) ஒன்றாக இணைக்கவும் வசதி இருக்கிறது, பழைய கணினிக்கு அதைக் கட்டாயம் செய்யுங்கள். முடியில்தான் பாரம் அதிகம், கொஞ்சம் குறைத்தால் கண்ணுக்கே தெரியாது, லேப்டாப் விசிறி மட்டும் அமைதியாகிவிடும்.

வருடோ இன்னும் பளபளப்பாக இருக்கும், பார்வையாளர் ஏதாவது அனுப்பினால் உருவத்தின் தலையில் பொருள் விழுவது மாதிரி நிறைய விளையாட்டு செய்யலாம், இதுவும் தொடங்குவதற்கு இலவசம்தான். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும், பழகவும் நாளாகும். வீநியான் இரண்டுக்கும் நடுவில்.

2டி என்றால் வீடியூப் ஸ்டுடியோ தவிர வேறு தேட வேண்டாம். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் இலவசமாகக் கிடைக்கிறது, ஓரத்தில் ஒரு சிறிய அடையாளம் தெரியும், பிடிக்கவில்லை என்றால் ஒரு முறை பணம் கட்டி எடுத்துவிடலாம். மேக்கிலும் ஓடும். உள்ளேயே சில மாதிரி உருவங்கள் இருப்பதால் உங்கள் உருவம் தயாராகும் முன்பே பழகிப் பார்க்கலாம்.

இவற்றில் எதை எடுத்தாலும் விண்டோஸில் ஓபிஎஸ்ஸில் கேம் கேப்சர் சேர்த்து, ஒளி ஊடுருவலை அனுமதிக்கும் பெட்டியில் டிக் அடித்தால் பின்னணி இல்லாமல் உருவம் மட்டும் வரும். கறுப்பாக மட்டும் தெரிந்தால், இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் ஓபிஎஸ் ஒன்றிலும் உருவ மென்பொருள் இன்னொன்றிலும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்கில் இரண்டையும் ஒரே கார்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

வீராய்டில் எல்லா முகமும் வெள்ளையாக இருக்கிறது, நம்ம ஊர் ஆள் மாதிரி எப்படிச் செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோலின் நிறத்தை மாற்றுவது எளிது, அங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் பார்த்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி, நோயாளி மாதிரி தெரியும். காரணம், இந்த உருவங்களில் வெளிச்சம் படும் இடத்துக்கு ஒரு நிறம், நிழல் விழும் இடத்துக்குத் தனியாக இன்னொரு நிறம் இருக்கிறது. நிழல் நிறம் வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும் இளஞ்சிவப்பாகவே தங்கிவிடுகிறது. அதை உங்கள் மாநிறத்தைவிட இரண்டு படி ஆழமான, கொஞ்சம் செம்மை கலந்த பழுப்பாக மாற்றுங்கள். கன்னச் சிவப்பு, உதடு, மூக்குக் கோடு மூன்றையும் அதற்கேற்பத் தொட வேண்டும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சொந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே செய்தால் நன்றாக வரும்.

புடவை, தாவணி கஷ்டம். மடிப்பும் முந்தானையும் விழுகிற விதத்தை வீராய்டுக்குள் கொண்டுவருவது எளிதில்லை, பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் தெரிந்தால்தான் சரியாக வரும். நம் ஊருக்கு ஸ்வெட்டர், சால்வை, குல்லா இருக்கவே இருக்கிறது, அவை அழகாக அமைந்துவிடும்.

தோடர் பூத்துணி மாதிரி என் உருவத்துக்கு உடை போடலாமா?

நீங்கள் தோடர் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த சிவப்பு கறுப்பு வேலைப்பாட்டுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்த வேலைப்பாடு உள்ள புத்துக்குளி என்ற போர்வை அவர்களுடைய சடங்குகளோடு சேர்ந்த துணி. இணையத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து ஸ்வெட்டரில் ஒட்டி லைவில் காசு சேர்ப்பது சரியில்லை. குறிஞ்சிப் பூ, கருமந்தி, வரையாடு, தேயிலைக் கொழுந்து என்று இந்த மலையில் வரைய எவ்வளவோ இருக்கிறது.

மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் இறங்கியதும் உருவம் உறைந்து உறைந்து நிற்கிறது. லேப்டாப் பழுதா?

பழுது இல்லை, வெளிச்சம் போய்விட்டது. வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் ஒவ்வொரு படத்தையும் பிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அதனால் வினாடிக்கு 30 படம் தர வேண்டியது 15, 10 என்று இறங்கிவிடும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சலும் சேரும். முகத்தைத் தேடும் மென்பொருளுக்குக் கிடைப்பது கலங்கிய படம் என்பதால் கண் துடிக்கும், வாய் கோணும், கழுத்து திடீரென்று திரும்பும். மழைக்காலத்தில் நம் வீடுகளில் இது தினமும் நடக்கும். நான் புது வெப்கேம் வாங்கிவிட்டுத்தான் இதைப் புரிந்துகொண்டேன், அந்தப் பணத்தில் பத்து பல்பு வாங்கியிருக்கலாம்.

செய்ய வேண்டியது: ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகிவிடும். முகத்துக்கு நேரே, கண்ணைவிடக் கொஞ்சம் மேலே ஒரு சாதாரண எல்ஈடி பல்பு வைத்து, முன்னால் வெள்ளைத் தாளோ பட்டர் பேப்பரோ தள்ளிக் கட்டுங்கள். எல்ஈடி என்றாலும் சூடு ஏறும், ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் இருக்கும் சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை யாரும் பார்க்கப்போவதில்லை. கேமரா செட்டிங்கில் குறைந்த வெளிச்சத்தைச் சரிக்கட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். கேமராவின் அளவை 640க்கு 480 என்று வைத்தாலே முகம் பிடிக்கப் போதும், பெரிதாக வைத்தால் ப்ராசஸருக்குத்தான் சுமை.

குளிருக்குக் குல்லா, மஃப்ளர் போட்டுக்கொண்டு லைவ் வரலாமா? கண்ணாடி?

குல்லா புருவத்தை மறைக்கக் கூடாது, மஃப்ளர் தாடையை மறைக்கக் கூடாது. இந்த இரண்டும் வெளியே இருந்தால் போதும். கண்ணாடி போடுகிறவர்கள் பல்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் பளபளப்பு போய்விடும். உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு முறையும் கேலிப்ரேட் செய்யுங்கள், அதாவது நேராகப் பார்த்து மென்பொருளுக்கு உங்கள் இயல்பான முகத்தைக் காட்டுங்கள், நேற்று செய்தது இன்று பொருந்தாது.

ஜப்பானியருக்குச் செய்த மென்பொருள் தமிழுக்கு வாயசைக்குமா?

நன்றாகவே அசைக்கும். வீஆர்எம் உருவங்களில் வாய்க்கு ஐந்து வடிவம் இருக்கிறது, ஜப்பானிய உயிரெழுத்துகள் ஐந்துக்கும் ஒவ்வொன்று. அவை அப்படியே நம் அ, இ, உ, எ, ஒ. நெடிலுக்கு அதே வடிவம் நீண்டு நிற்கிறது, அவ்வளவே வித்தியாசம். ஐ, ஔ இரண்டும் இவற்றிலிருந்தே கலந்து வரும். அதனால் ஆங்கிலம் பேசும்போது இருப்பதைவிடத் தமிழ் பேசும்போது வாய் கூடுதலாகப் பொருந்துகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது மைக் சத்தத்தைக் கேட்டு வாயசைக்கும் முறைக்கு; கேமராவே வாயைப் பார்க்கும் முறையில் மொழி ஒரு பொருட்டே இல்லை. படுகு மொழியில் பேசி லைவ் வர முடியுமா என்று கேட்ட தங்கைக்கும் இதுதான் பதில், தாராளமாக வா. படுகு பேசுகிற உருவம் ஒன்று வந்தால் முதல் ஆளாக நான் பார்ப்பேன்.

கணினியே இல்லை, ஃபோன் மட்டும்தான்.

ரியாலிட்டி என்ற ஆப்பில் உருவம் செய்து அங்கேயே லைவ் போகலாம், பழகுவதற்கு நல்லது. யூடியூபில் ஃபோனிலிருந்து நேரே லைவ் போக 50 சந்தாதாரர்கள் வேண்டும், ஆகவே முதலில் சிறு வீடியோக்கள் போட்டு அந்த 50 பேரைச் சேருங்கள்.

கணினியும் இருந்து ஃபோனும் இருந்தால் ஃபோனை கேமராவாகப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. ஐஃபோன் எக்ஸ் முதல் வந்த முகம் அறியும் ஐஃபோன்கள் இருட்டிலும் ஆழத்தை அளக்கும், கன்னம் உப்புவது, உதடு சுழிப்பது என்று 52 அசைவுகளைத் தனித்தனியாகப் பிடிக்கும். இதற்காக ஐஃபோன் வாங்குங்கள் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன், வீட்டில் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் மியாவ்ஃபேஸ் என்ற இலவச ஆப் வீசீஃபேஸோடு சேரும். வீடியூப் ஸ்டுடியோவின் ஃபோன் ஆப் இலவசப் பதிப்பில் சில நிமிடமே கணினிக்கு அனுப்பும், தொடர்ந்து வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். ஃபோனும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இந்த அசைவுத் தகவல் வீட்டுக்குள்ளேயே போவதால் உங்கள் டேட்டா பேக்கைத் தின்னாது.

லைவ் போக எவ்வளவு நெட் வேண்டும்?

கீழே இறங்குகிற வேகத்தைப் பார்க்காதீர்கள், மேலே ஏறுகிற அப்லோடு வேகத்தைப் பாருங்கள். லைவ் போகப்போகும் அதே நேரத்தில், மூன்று நாள் தொடர்ந்து சோதித்து, அதில் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வரைதான் ஓபிஎஸ்ஸில் பிட்ரேட், அதாவது வினாடிக்கு அனுப்பும் தகவலின் அளவு, வைக்க வேண்டும். 4 எம்பிபிஎஸ் ஏறுகிறது என்றால் 2500 கேபிபிஎஸ். உருவம் வைத்துப் பேசுவதற்கு 720பி, வினாடிக்கு 30 படம், 2500 கேபிபிஎஸ் போதுமானது. கீஃப்ரேம் (முழுப் படத்தை மறுபடி அனுப்பும்) இடைவெளி 2 வினாடி. ஏறுவது அதைவிடக் குறைவென்றால் 480பி-க்கு இறங்கி 1200, 1500 என்று வையுங்கள், பிஎன்ஜி உருவத்துக்கு அதுவே சுத்தமாகத் தெரியும்.

டேட்டா கணக்கும் போட்டுவிடுவோம். 2500 என்றால் ஒலியையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 1.2 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு வரும் வேகத்தில் லைவ் ஓடாது. 4000 என்று வைத்தால் மணிக்கு கிட்டத்தட்ட 1.9 ஜிபி.

ஏப்ரல், மே சீசனில் ஊரே நிரம்பி வழியும்போது ஃபோன் நெட் சாயங்காலத்தில் படுத்துவிடும். அந்த இரண்டு மாதம் நான் காலை ஆறரைக்கு வருகிறேன். ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசல் வந்தால் பிட்ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, டிக் அடித்துவிடுங்கள்.

கரண்ட் போனால்?

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மாவட்டம் இது, மரம் விழுந்து கம்பி அறுவது யாருடைய தவறும் இல்லை. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள், உருவத்துக்கு செலவு செய்யும் முன் இதைச் செய்யுங்கள். யூடியூப் லைவ் அமைப்பில் தானாக முடிக்கும் வசதியை அணைத்துவைத்தால், லைன் போய் வந்த பிறகு அதே லைவைத் தொடரலாம்.

ரெக்கார்டிங் எம்கேவி வகையில் இருக்கட்டும். எம்பி4-ல் வைத்திருந்தபோது, பழைய பேட்டரி திடீரென்று கைவிட்டு, இரண்டரை மணி நேரம் பாட்டியிடம் கதை கேட்டுப் பதிவு செய்த கோப்பு திறக்கவே இல்லை. சாதாரண எம்பி4-ல் கோப்பு ஒழுங்காக மூடப்படாவிட்டால் மொத்தமும் போய்விடும், எம்கேவி-யில் அறுந்த இடம் வரைக்கும் மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம். பாட்டி அந்தக் கதையை மறுபடியும் சொன்னார், ஆனால் முதல் தடவை சொன்ன மாதிரி வரவில்லை.

தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் குரலை அமுக்குகிறது.

ஓபிஎஸ்ஸில் மைக்குக்கு இரைச்சல் நீக்கும் ஃபில்டர் இருக்கிறது, ஆர்என்என்நாய்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பின் கேட் (பேசாதபோது மைக்கை மூடுவது), அதற்குப் பின் கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), இந்த வரிசையில். சாரலுக்கு இது போதும். கனமழையில் ஃபில்டர் உங்கள் குரலையும் சேர்த்து விழுங்கும். அப்போது வாய்க்கு அருகில் வரும் ஹெட்செட் மைக்தான் உதவும், தலைக்கு மேலே இரண்டு கம்பளியைக் கயிற்றில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த கண்டென்சர் மைக் அறையில் உள்ள எல்லாவற்றையும் பிடிக்கும், நம் ஈரத்துக்கும் அது ஆகாது. எந்த மைக்கானாலும் லைவ் முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவையுங்கள்.

ஓபிஎஸ்ஸில் தமிழில் எழுதினால் கொம்பும் காலும் பிரிந்து விழுகிறது.

டெக்ஸ்ட் சேர்க்கும்போது ஃப்ரீடைப் 2 என்ற வகையை எடுத்திருப்பீர்கள், அது நம் எழுத்தைச் சேர்த்துக் கட்டாது. விண்டோஸில் ஜிடிஐ பிளஸ் வகையை எடுத்து நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு வையுங்கள். மேக்கில் பிரவுசர் சோர்ஸ் வழியாக எழுதிக் காட்டலாம். தலைப்பு உடைந்த தமிழில் தெரிந்தால் எனக்கு மனசு கேட்காது, அதனால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

தவறிப்போய் என் முகம் லைவில் தெரிந்துவிடுமா?

ஓபிஎஸ்ஸில் வெப்கேமை ஒரு சோர்ஸாகச் சேர்க்காத வரை தெரியாது. கேமரா படம் உருவ மென்பொருளுக்குள் மட்டும் போகிறது, முகம் தொலைந்தால் உருவம் நின்றுவிடும், அவ்வளவுதான். வீடியூப் ஸ்டுடியோவில் கேமராவைத் திரையில் காட்டும் முன்னோட்டம் ஒன்று உண்டு, அதை மட்டும் அணைத்துவையுங்கள். முழுத்திரையைக் காட்டும் டிஸ்ப்ளே கேப்சர் வேண்டவே வேண்டாம், வாட்ஸ்அப் செய்தியும் உங்கள் பெயர் போட்ட ஃபோல்டரும் அதில்தான் வெளியே வரும்.

சின்ன ஊரில் முகத்தைவிட மற்றவைதான் காட்டிக்கொடுக்கும். பஸ் நிற்கும் இடத்தின் சத்தம், பள்ளிக்கூட மணி, ஹப்பா திருவிழாப் பாட்டு, "எங்கள் ஊரில் இப்போது மழை" என்ற ஒரு வார்த்தை. குறிப்பாகத் தங்கைகள், மாவட்டம் வரை சொல்லுங்கள், ஊர் பெயர் வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்திருக்கட்டும். எனக்கு அம்மாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

வயது வரம்பு?

யூடியூபில் தனியாக லைவ் வர 2025 ஜூலை 22 முதல் 16 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் தடவை லைவ் வசதியைத் திறக்க ஃபோன் எண்ணைச் சரிபார்த்து 24 மணி நேரம் வரை காத்திருக்கவும் வேண்டும். ஆகவே தொடங்கும் நாளன்று காலையில் இதைச் செய்யாதீர்கள், முந்தின வாரமே செய்துவிடுங்கள்.

ஆறு மாதம் ஆகிவிட்டது, 2டி உருவம் வரைந்து வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைக் கவனிக்க?

மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: அடுக்கு பிரித்த மூலக் கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா, லைவில் வரும் வருமானத்துக்கு அந்த உருவத்தைப் பயன்படுத்தலாமா, எத்தனை முறை திருத்தித் தருவார். நான் ஒருவருக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்து, அடுக்கு பிரிக்காத ஒற்றைப் படமாக வாங்கினேன், ரிக் செய்பவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தவணையாகக் கொடுங்கள், அடுக்குகளைத் திறந்து பார்த்த பிறகு கடைசித் தவணை. பூத் என்ற ஜப்பானிய இணையச் சந்தையில் ஆயத்த உருவங்களும் உடைகளும் கிடைக்கும், விதிகள் ஜப்பானியத்தில் இருக்கும், மொழிபெயர்த்து முழுதும் படித்துவிட்டு வாங்குங்கள். கேமிலிருந்து பிடுங்கிய உருவங்களைத் தொடவே வேண்டாம்.

சரி அக்கா, இன்று ராத்திரி உட்கார்ந்தால் எதிலிருந்து தொடங்குவது?

ஓபிஎஸ்ஸைப் போட்டு, உருவம் எதுவும் இல்லாமல் உங்கள் குரலை மட்டும் பத்து நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். மைக் சரியாக இருந்தால் வீசீஃபேஸை இறக்கி, பல்பை முகத்துக்கு நேரே வைத்து, கூடவே வரும் மாதிரி உருவத்தில் கண் சிமிட்டிப் பாருங்கள். லேப்டாப் சூடாகி இழுத்தால் மூடிவிட்டு வியாடோட்யூபுக்குப் போங்கள். நன்றாக ஓடினால் நாளை சாயங்காலம் வீராய்ட். யூடியூபில் முதல் லைவை யாரும் பார்க்காதபடி பிரைவேட்டாக வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஓபிஎஸ்ஸின் கீழ்ப்பட்டையில் விட்டுப்போன ஃப்ரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பிட்ரேட்டை இறக்குங்கள். அதற்கு மேல் சிக்கினால் லேப்டாப்பின் ராம் எவ்வளவு, அப்லோடு வேகம் எவ்வளவு, உருவம் 2டி-யா 3டி-யா என்ற மூன்றையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், அது இல்லாமல் கேட்டால் நான் அதையே திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.